முப்பது ஓட்டங்களின் கணிதம்

கால்பந்திலும் கூடைப்பந்திலும் ஆட்டத்தின் எல்லையைக் கடிகாரம் வகுக்கிறது; ஐம்பது ஓவர் கிரிக்கெட்டில் ஓர் அணிக்கு 300 பந்துகள் என்ற எண்ணிக்கை அதை வகுக்கிறது. ஆகவே ஒரு தரப்பு எவ்வளவு வலிமையுடையதாயினும் அது குவிக்கக்கூடிய புள்ளிகளுக்கு நடைமுறையில் ஒரு மேல்வரம்பு உண்டு. அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தில் அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. மட்டை பிடிக்கும் அணியின் மூன்று ஆட்டக்காரர்களை வெளியேற்றும்வரை அதன் முறை முடிவதில்லை. அதற்கு ஐந்து நிமிடமும் ஆகலாம், ஐம்பது நிமிடமும் ஆகலாம். இந்த விதி எவ்வளவு தூரம் இழுபடக்கூடும் என்பதை 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று பால்டிமோர் நகரின் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஆட்டம் காட்டியது. வெளியூரிலிருந்து வந்திருந்த டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி, உள்ளூர் அணியாகிய பால்டிமோர் ஓரியோல்ஸை அன்று 30-3 என்ற கணக்கில் வென்றது. 1897ஆம் ஆண்டில் சிகாகோ கோல்ட்ஸ் அணி லூயிவில் கர்னல்ஸை 36-7 என்று வென்ற பிறகு, இடைப்பட்ட 110 ஆண்டுகளில் முதல்நிலை லீக் அணி எதுவும் ஓர் ஆட்டத்தில் 30 ஓட்டங்களை எட்டியிருக்கவில்லை.

இந்த எண்ணின் அரிய தன்மையை உணர, ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகவேனும் அறிந்திருக்க வேண்டும். ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முதற்பாதியில் வெளியூர் அணியும் பிற்பாதியில் உள்ளூர் அணியும் மட்டை பிடிக்கின்றன. பந்தை எறிபவர் பிட்சர் எனப்படுகிறார். மட்டையாளர் பந்தை அடித்தோ, பிட்சர் நான்கு முறை இலக்கு தவறி எறிந்ததால் இலவசமாகவோ, முதல் தளத்தை அடையலாம். அங்கிருந்து இரண்டாம், மூன்றாம் தளங்களைக் கடந்து, தாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். பந்தை மைதானத்தின் வேலிக்கு அப்பால் அடித்தால் அது ஹோம் ரன். அடித்தவரும், அப்போது தளங்களில் நிற்பவர்கள் அனைவரும் தடையின்றி ஓடி ஓட்டமெடுப்பர். மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்கும்போது அடிக்கப்படும் ஹோம் ரன்னுக்கு நான்கு ஓட்டங்கள் கிடைக்கும். அதற்கு கிராண்ட் ஸ்லாம் என்று பெயர். ஒன்பது பேர் கொண்ட மட்டை வரிசை வட்டமாகச் சுழல்கிறது: கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவர் அந்த இன்னிங்ஸுக்குத் திரும்புவதில்லை; இங்கோ ஒன்பதாமவருக்குப் பின் மீண்டும் முதலாமவர் வருகிறார். 2007ஆம் ஆண்டில் இவ்விரு அணிகளும் ஆடிய அமெரிக்கன் லீகில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த ஓட்டங்களின் சராசரி ஏறத்தாழ 5.

டெக்சஸின் 30 ஓட்டங்கள் ஆட்டம் முழுவதும் பரவலாக வந்தவை அல்ல என்பதே அந்த ஆட்டத்தைப் பற்றி முதலில் கவனிக்கத்தக்க செய்தி. முதல் மூன்று இன்னிங்ஸ் முடிந்தபோது ஓரியோல்ஸ் 3-0 என்று முன்னிலையில் இருந்தது. நான்காம் இன்னிங்ஸில் டெக்சஸ் 5 ஓட்டங்கள் எடுத்தது, ஐந்தாவதில் ஒன்றுமில்லை, ஆறாவதில் 9, ஏழாவதில் மீண்டும் ஒன்றுமில்லை, எட்டாவதில் 10, ஒன்பதாவதில் 6. ஆக ஒன்பதில் ஐந்து இன்னிங்ஸ் வெறுமையாகக் கழிய, நான்கே இன்னிங்ஸில் முப்பதும் வந்து சேர்ந்தன. அணியின் 29 அடிகளுள் 6 ஹோம் ரன்களாக அமைந்தன. ஆறாம் இன்னிங்ஸில் மார்லன் பெர்டும் எட்டாம் இன்னிங்ஸில் டிராவிஸ் மெட்காஃபும் ஆளுக்கொரு கிராண்ட் ஸ்லாம் அடித்தனர். வழக்கமாக அணியின் வலுக்குறைந்த மட்டையாளர்களுக்கு ஒதுக்கப்படும் எட்டாம், ஒன்பதாம் இடங்களில் ஆடிய ஜாரட் சால்டலமாக்கியாவும் ரமோன் வாஸ்கெஸும் தலா 2 ஹோம் ரன் அடித்து, தலா 7 ஓட்டங்களுக்குக் காரணமாயினர். ஓரியோல்ஸின் தற்காலிக மேலாளராக இருந்த டேவ் டிரெம்ப்ளி அடுத்த ஆண்டுக்கும் அப்பொறுப்பில் நீடிப்பார் என்று அவ்வணியின் நிர்வாகம் அறிவித்த நாளும் அதுவே.

சராசரி 5 ஆக இருக்கும் ஓரிடத்தில் 30 வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விக்குப் புள்ளியியல் பயில்வோர் முதலில் எடுப்பது பாய்சான் பரவல் என்னும் கருவியை. ஒன்றோடொன்று தொடர்பற்ற, அரிதாக நிகழும் சம்பவங்கள் ஒரு குறிப்பிட்ட கால அளவில் எத்தனை முறை நேரும் என்பதைக் கணிக்க உதவும் சூத்திரம் அது. கால்பந்தில் விழும் கோல்களின் எண்ணிக்கையை அது ஓரளவு நன்றாகவே விவரிக்கிறது. பேஸ்பாலுக்கு அதைப் பொருத்தி, சராசரி 5 என்று வைத்துக் கணக்கிட்டால், 30 அல்லது அதற்கு மேற்பட்ட ஓட்டங்கள் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 35 லட்சம் கோடியில் ஒன்று. 1901 முதல் 2007 வரை முதல்நிலை லீகுகளில் நடந்த ஆட்டங்களோ இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டிவிட முடியாது. கருவியே பிழை என்றுதான் கொள்ள வேண்டும்.

தனி இன்னிங்ஸ் அளவிலும் அதே பிழை வெளிப்படுகிறது. ஓர் அணி ஒரு முறை மட்டை பிடிப்பதை அரை இன்னிங்ஸ் என்பர். அதில் கிடைக்கும் ஓட்டங்களின் சராசரி அரையைச் சற்றே கடந்தது. அதை 0.55 என்று கொண்டு பாய்சான் சூத்திரத்தைப் பயன்படுத்தினால், பத்து ஓட்டங்களோ அதற்கு மேலோ வரும் அரை இன்னிங்ஸ் ஏறத்தாழ 240 கோடியில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பருவத்தில் முதல்நிலை லீகுகளில் நடைபெறும் அரை இன்னிங்ஸ்கள் 43,000 அளவில் இருப்பதால், அப்படிப்பட்ட ஒன்றைக் காண ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேரும். உண்மையில் பத்து ஓட்ட இன்னிங்ஸ் ஏறக்குறைய ஒவ்வொரு பருவத்திலும் ஒருசில முறையேனும் நிகழ்கிறது. மறுபக்கத்தில், பத்து அரை இன்னிங்ஸ்களில் ஏறத்தாழ ஏழு ஓட்டமே இல்லாமல் முடிகின்றன. பாய்சான் எதிர்பார்ப்பதோ ஆறுக்கும் குறைவு. அதாவது பேஸ்பாலில் ஓட்டங்கள் சீராகத் தூவப்படுவதில்லை. பெரும்பாலான இடங்கள் வெறுமையாக இருக்க, சில இடங்களில் மட்டும் கொத்தாகக் குவிகின்றன. டெக்சஸின் ஐந்து வெற்று இன்னிங்ஸும் நான்கு பெருத்த இன்னிங்ஸும் இந்தப் பொது இயல்பின் மிகைவடிவமே.

இவ்வாறு குவிவதற்கான காரணம் ஆட்டத்தின் விதியிலேயே அடங்கியுள்ளது. அதை விளக்க, உண்மை ஆட்டத்தைவிட மிக எளிய ஒரு கற்பனை ஆட்டம் போதும். அதில் மட்டையாளருக்கு இரண்டே முடிவுகள் உள்ளதாகக் கொள்ளலாம்: ஒன்று அவர் ஆட்டமிழக்கிறார், அல்லது முதல் தளத்தை அடைந்து, முன்னால் நிற்பவர்களை ஒவ்வொரு தளமாக நகர்த்துகிறார். இந்த ஆட்டத்தில் தளத்தை அடையும் முதல் மூவர் மூன்று தளங்களையும் நிரப்புகிறார்களேயன்றி ஓட்டம் எதையும் தருவதில்லை. நான்காமவர் தொடங்கித்தான் வருகிற ஒவ்வொருவரும் ஓர் ஓட்டத்தை உள்ளே தள்ளுகிறார். எனவே மூன்று ஆட்டமிழப்புகள் நேர்வதற்குள் நான்கு பேராவது தளத்தை அடையாத இன்னிங்ஸ் வெறுமையாகவே முடியும். ஆனால் அந்த வாசலைக் கடந்துவிட்ட அணிக்கு அதன்பின் ஒவ்வொரு வெற்றியும் முழு ஓட்டமாக மாறுகிறது. வெறுமை மிகுந்திருப்பதற்கும் குவியல் பெருத்திருப்பதற்கும் வேர் ஒன்றே என்பது இந்த அமைப்பின் நயமான கூறு.

இனி வாய்ப்புகளைப் பார்க்கலாம். மட்டையாளர் தளத்தை அடைவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இது உண்மை ஆட்டத்தின் சராசரிக்கு மிக அருகில் இருப்பது, கற்பனை ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸுக்குக் கிடைக்கும் ஓட்டங்களின் சராசரி 0.18 என்று வருகிறது. அதே வாய்ப்பு இரண்டில் ஒன்றாக உயர்ந்தால் சராசரி 0.94 ஆகிறது. வாய்ப்பு பெருகியது ஒன்றரை மடங்கு. ஓட்டங்கள் பெருகியதோ ஐந்து மடங்குக்கும் மேல். உண்மை ஆட்டத்தில் நீண்ட அடிகளும் ஹோம் ரன்களும் உண்டென்பதால் எண்கள் மாறும். ஆயினும் உள்ளீட்டில் நேரும் சிறு மாற்றம் விளைவில் பெருமாற்றமாக வளரும் இந்த இயல்பு, கணிதத்தில் நேர்விகிதமற்ற உறவு எனப்படுவது, அங்கும் அப்படியே நிலைக்கிறது. பால்டிமோரில் அன்று 27 ஆட்டமிழப்புகளுக்கு இடையே டெக்சஸ் 29 அடிகளைப் பெற்றது. இலவசமாகத் தளத்தை அடைந்தவர்களைச் சேர்க்காமலேயே வாய்ப்பு பாதியைக் கடந்துவிடுகிறது. அந்த நிலையில் ஓட்டங்கள் வழக்கத்தைப் போல் பன்மடங்காவதில் வியப்பில்லை. வியப்புக்குரியது ஓர் அணி ஒரு நாள் முழுவதும் அந்த நிலையில் இருந்தது மட்டுமே.

கற்பனை ஆட்டம் இன்னொன்றையும் காட்டுகிறது. பாய்சான் பரவலில் எண்ணிக்கை உயர உயர, அடுத்த எண்ணுக்குச் செல்லும் விகிதம் தொடர்ந்து சுருங்கிக்கொண்டே போய்ச் சுழியை நெருங்குகிறது. பேஸ்பாலில் அவ்வாறு சுருங்குவதில்லை: ஓர் இன்னிங்ஸில் ஏற்கெனவே பத்து ஓட்டங்கள் வந்திருந்தாலும், அடுத்து வரும் மட்டையாளர் தளத்தை அடைவதற்கான வாய்ப்பு அதே மூன்றில் ஒன்றுதான். நிகழ்ந்து முடிந்தவற்றை அந்த ஆட்டத்தின் விதி நினைவில் வைத்திருப்பதில்லை. பரவலின் வால் எனப்படும் அரிதான பெருமதிப்புகளின் பகுதி பேஸ்பாலில் தடித்திருப்பது இதனால்தான். மட்டை வரிசை வட்டமாகச் சுழல்வதும் இங்கு முக்கியம். எட்டாம் இன்னிங்ஸில் பத்து ஓட்டங்கள் வர வேண்டுமானால் குறைந்தது பதின்மூன்று பேர் மட்டை பிடித்திருக்க வேண்டும்; ஆக ஒன்பது பேர் வரிசை ஒரு சுற்று முடிந்து பாதிச் சுற்று மறுபடியும் வந்திருக்கிறது. ஆட்டம் முழுவதற்கும் 30 ஓட்டங்களையும் 27 ஆட்டமிழப்புகளையும் கூட்டினாலே 57 வாய்ப்புகள் ஆகின்றன. வழக்கமான நாளில் நான்கு முறை மட்டை பிடிக்கும் ஒன்பதாம் இடத்து ஆட்டக்காரருக்கு அன்று ஆறு முறையேனும் வாய்த்தது. அடி கிடைத்தால் முறை நீள்கிறது, முறை நீண்டால் மேலும் அடிக்க ஆட்கள் வருகிறார்கள். தன்னைத் தானே ஊட்டி வளர்க்கும் சுழற்சி இது.

பேஸ்பாலை இவ்வாறு நிலைகளின் சங்கிலியாகக் காணும் முறை அரை நூற்றாண்டுக்கும் மேல் பழமையுடையது. கனடாவின் பாதுகாப்பு ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் லிண்ட்சே, நூற்றுக்கணக்கான ஆட்டங்களைத் தம் தந்தை ஒலிபரப்புகளைக் கேட்டுக் குறித்துத் தந்த பதிவுகளின் துணையோடு, ஓர் இன்னிங்ஸின் எந்தக் கணத்தையும் 24 நிலைகளுள் ஒன்றாக வகைப்படுத்தினார். மூன்று தளங்களிலும் ஆள் இருப்பதும் இல்லாததுமாக எட்டு வகை. ஆட்டமிழந்தோர் எண்ணிக்கை சுழியா, ஒன்றா, இரண்டா என்று மூன்று வகை. எட்டையும் மூன்றையும் பெருக்கினால் 24. ஒவ்வொரு நிலையிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் வரும் என்பதை 1963இல் வெளியான ஆய்வில் அவர் அட்டவணைப்படுத்தினார். இன்றும் பயன்படுத்தப்படும் அத்தகைய அட்டவணைகளின்படி, யாரும் ஆட்டமிழக்காமல் தளங்களும் காலியாக இருக்கும் தொடக்க நிலையின் மதிப்பு ஏறத்தாழ அரை ஓட்டம். யாரும் ஆட்டமிழக்காமல் மூன்று தளங்களும் நிரம்பிய நிலையின் மதிப்பு இரண்டைத் தாண்டுகிறது. முடிவு எண்களை மட்டும் பார்ப்பவருக்கு 30 என்பது ஒரே பெரிய நிகழ்ச்சி. லிண்ட்சேயின் கண்ணால் பார்ப்பவருக்கு அது நிலைகளுக்கிடையே நடந்த ஏறக்குறைய அறுபது சிறு தாவல்களின் கூட்டுத்தொகை.

இந்தக் கணக்கு முழுவதும் மட்டையாளர்களின் வாய்ப்பு மாறாதிருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. மனிதர்கள் ஆடும் ஆட்டத்தில் அது மாறுகிறது. தோற்கும் அணியின் பக்கம் அது மாறும் திசையும் முன்கூட்டியே தெரிந்ததுதான். ஓரியோல்ஸின் தொடக்கப் பிட்சர் டேனியல் கப்ரேரா 6 ஓட்டங்களைக் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த பிரையன் பர்ரெஸ் இரண்டே ஆட்டமிழப்புகளை எடுப்பதற்குள் 8 ஓட்டங்களையும், ராப் பெல் 7 ஓட்டங்களையும், கடைசி இரண்டு இன்னிங்ஸ்களை வீசிய பால் ஷூயி 9 ஓட்டங்களையும் கொடுத்தனர். 30 ஓட்டங்களையும் நான்கே பிட்சர்கள் சுமந்தது தற்செயலன்று. முந்தைய நாள் ஆட்டம் மழையால் நின்றுபோனதால், அன்று ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் நடக்க வேண்டியிருந்தன, இது முதலாவது. பிட்சரின் தோள் ஒரு நாளில் தாங்கும் எறிகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. 14-3 என்று பின்தங்கிவிட்ட ஆட்டத்தில் நல்ல பிட்சர்களைச் செலவழித்தால், அடுத்து வரும் ஆட்டத்துக்கு அவர்கள் இருக்க மாட்டார்கள். ஆகவே தோற்பது உறுதியான பின் மேலாளர் தடுப்பதை நிறுத்திவிட்டுச் சேமிக்கத் தொடங்குகிறார். களைத்தவரே தொடர்ந்து எறிகிறார், அடி வாங்குகிறார். அறிவுள்ள எந்த மேலாளரும் அதைத்தான் செய்வார். ஆனால் அந்த அறிவார்ந்த முடிவே ஓட்ட வித்தியாசத்தை மேலும் அகலமாக்குகிறது.

அண்மைக் காலத்தில் இந்தச் சேமிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, தோற்கும் அணிகள் பிட்சரே அல்லாத களத்தடுப்பாளர்களை எறியவிடும் பழக்கம் பரவியது. அது வரம்பு மீறுவதைக் கண்ட நிர்வாகம் 2023இல் விதியை இறுக்கியது: கூடுதல் இன்னிங்ஸ்களைத் தவிர்த்தால், எட்டு ஓட்டங்களாவது பின்தங்கியிருக்கும் அணியோ, ஒன்பதாம் இன்னிங்ஸில் பத்து ஓட்டங்களாவது முன்னிலையில் இருக்கும் அணியோ மட்டுமே அவ்வாறு செய்யலாம். உலக பேஸ்பால் கிளாசிக் போன்ற சர்வதேசப் போட்டிகளில், ஏழு இன்னிங்ஸ் முடிவில் பத்து ஓட்ட வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை அத்துடன் முடித்துவிடும் விதி உண்டு. அமெரிக்க முதல்நிலை லீகுகளில் அத்தகைய இரக்கம் இல்லை.

பால்டிமோரின் அந்த ஆட்டத்தில் புள்ளிவிவரக் குறிப்பேட்டின் விசித்திரம் ஒன்றும் பதிவானது. வெற்றி பெறும் அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்துத் தரும் பிட்சருக்கு சேவ் என்ற சிறப்புக் குறிப்பு வழங்கப்படுகிறது. 1969 முதல் அது அதிகாரப்பூர்வப் பதிவு. நெருக்கடியான ஆட்டங்களைக் காப்பவர்களைப் பாராட்டவே அது ஏற்பட்டதாயினும், கடைசி மூன்று இன்னிங்ஸ்களைச் செம்மையாக வீசி முடிப்பவருக்கு முன்னிலை எவ்வளவு பெரிதாயினும் அது உண்டு என்று விதியில் ஒரு கிளை இருக்கிறது. 14-3 என்ற நிலையில் ஏழாம் இன்னிங்ஸில் வந்த டெக்சஸ் பிட்சர் வெஸ் லிட்டில்டன் ஆட்டத்தை முடித்துவைத்தார். 27 ஓட்ட வித்தியாசத்தில் கிடைத்த வெற்றியை "காத்த" பெருமை அவர் பெயரில் ஏறியது. விதியை எழுதியவர்கள் மனத்தில் இப்படியொரு நாள் இருந்திருக்க முடியாது.

இத்தனை பெரிய வெற்றி வென்ற அணியின் வலிமைக்குச் சான்றா என்றால், அந்தப் பருவத்தின் இறுதிக் கணக்கு வேறு விடை தருகிறது. டெக்சஸ் 162 ஆட்டங்களில் 75 வென்று 87 தோற்றுத் தன் பிரிவில் கடைசி இடம் பெற்றது. ஓரியோல்ஸ் 69 வென்று 93 தோற்றது. இரண்டுமே அந்த ஆண்டு சோர்ந்த அணிகள். பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் முன்வைத்த ஒரு சூத்திரம் இங்கு நினைவுக்கு வருகிறது: எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய ஆட்டங்களின் பங்கு ஏறத்தாழக் கிடைத்துவிடும். பிதாகரஸ் தேற்றத்தின் சாயல் இருப்பதால் அதற்கு பிதாகரஸின் பெயரே நிலைத்துவிட்டது. நடைமுறையில், பருவம் முழுவதும் சேர்த்துப் பத்து ஓட்டங்கள் கூடுதலாக எடுப்பது ஒரு வெற்றிக்குச் சமம் என்று ஆய்வாளர்கள் கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் பால்டிமோரின் 27 ஓட்ட வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று வெற்றிகளின் மதிப்புடையது; பட்டியலில் ஏறியதோ ஒரே வெற்றி. எஞ்சிய ஓட்டங்கள் வீணானவை. ஓட்டங்களின் கூட்டுத்தொகையை மட்டும் நம்பி அணிகளை மதிப்பிடும் எந்தச் சூத்திரமும் இப்படிப்பட்ட ஒரே நாளில் ஏமாறக்கூடும். சில மணி நேரம் கழித்து அதே மைதானத்தில் நடந்த இரண்டாம் ஆட்டத்தையும் டெக்சஸே வென்றது, ஆனால் 9-7 என்று. வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்த அபூர்வ நிலை கலைந்து, ஆட்டம் தன் இயல்பான அளவுகளுக்கு அருகில் வந்துவிட்டிருந்தது.

இவ்வளவும் 30 எப்படி வந்தது என்பதை விளக்குகின்றன. அதை எடுத்தது வெளியூர் அணி என்பதற்கு வேறொரு காரணம் வேண்டும். ஏனெனில் பேஸ்பாலில் சொந்த ஊர் பலம் உண்மையான ஒன்று, நூறு ஆட்டங்களில் 53 அல்லது 54ஐ உள்ளூர் அணிகளே வெல்கின்றன. அப்படியிருந்தும் வரலாற்றின் மிகப் பெரிய வித்தியாசங்களுள் பலவற்றை வெளியூர் அணிகளே ஏற்படுத்தியிருக்கின்றன. 1929இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பிலடெல்பியாவுக்குச் சென்று 28-6 என்று வென்றது. 1955இல் சிகாகோ வைட் சாக்ஸ் கன்சாஸ் சிட்டியில் 29-6. எதிரணிக்கு ஓட்டமே கொடுக்காமல் 22-0 என்று முடிந்த ஆட்டங்கள் இரண்டு, 1975இல் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸும், 2004இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் கிளீவ்லாந்தும் வென்றவை. இரண்டிலும் வென்றது விருந்தாளி. 2022இல் டொராண்டோ புளூ ஜேஸ் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் 28-5 என்று வென்றது. 2023இல் ஏஞ்சல்ஸ் அணி டென்வரில் 25-1 என்று வென்றபோது, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து பந்து தொலைவு பறப்பதும் சேர்ந்துகொண்டது.

காரணம் ஒன்பதாம் இன்னிங்ஸில் இருக்கிறது. முதற்பாதியில் மட்டை பிடிக்கும் வெளியூர் அணி எவ்வளவு முன்னிலையில் இருந்தாலும் ஒன்பது முறையும் ஆடியே தீரும். 27 ஆட்டமிழப்புகளும் அதற்குக் கிடைக்கும். பிற்பாதியில் ஆடும் உள்ளூர் அணியோ, எட்டு இன்னிங்ஸுக்குப் பின் எதிரணியின் ஒன்பதாவது முறை முடிந்தபோதும் முன்னிலையில் இருந்தால், மேலும் மட்டை பிடிப்பதில்லை. வெற்றி உறுதியாகிவிட்டதால் ஆட்டம் அங்கேயே நிற்கிறது. அதற்குக் கிடைப்பவை 24 ஆட்டமிழப்புகள் மட்டுமே. சமநிலையிலோ பின்தங்கியோ இருந்து கடைசி இன்னிங்ஸில் முந்தினாலும், வெற்றி ஓட்டம் வந்த கணத்தில் ஆட்டம் முடிவதால் வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றைத் தாண்டுவதில்லை. கிரிக்கெட்டில் இலக்கைத் துரத்தி வெல்லும் அணியின் வெற்றி ஓட்டங்களில் அல்லாமல் விக்கெட்டுகளில் குறிக்கப்படுவதும் இதே காரணத்தால்தான்: துரத்துபவர் எவ்வளவு தூரம் சென்றிருக்கக்கூடும் என்பதை அளக்க விதி அனுமதிப்பதில்லை. முன்னிலையில் இருக்கும் வெளியூர் அணிக்கு உள்ளூர் அணியைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதல் வாய்ப்பு கிடைக்கிறது. அதுவும் எதிரணி தன் பிட்சர்களைச் சேமிக்கத் தொடங்கி, மட்டையாளர்களுக்கு ஆட்டம் மிக எளிதாகிவிட்ட நேரத்தில் கிடைக்கிறது. 1900க்குப் பின், முதல்நிலை லீகுகளுள் மற்றொன்றான நேஷனல் லீகில் ஒன்பது இன்னிங்ஸிலும் தவறாமல் ஓட்டமெடுத்த அணிகள் 1923இல் நியூயார்க் ஜயன்ட்ஸ், 1964இல் செயின்ட் லூயிஸ், 1999இல் கொலராடோ ஆகியவை. மூன்றும் வெளியூரில் ஆடியபோதே அதைச் செய்தன. 1897இல் 36 ஓட்டங்கள் எடுத்த சிகாகோ தன் சொந்த மைதானத்தில்தான் ஆடியது என்பது இதற்கு முரணாகத் தோன்றலாம்; ஆனால் அந்தக் காலத்தில் முதலில் மட்டை பிடிப்பதா, பிறகு பிடிப்பதா என்பதை உள்ளூர் அணியே தேர்ந்தெடுத்துக்கொள்ள முடிந்தது.

பால்டிமோர் ஆட்டத்தின் எண்களுக்குத் திரும்பினால், டெக்சஸ் எட்டு இன்னிங்ஸ் முடிவில் எடுத்திருந்தவை 24 ஓட்டங்கள். அன்று அது உள்ளூர் அணியாக ஆடியிருந்தால் கணக்கு 24-3 என்று முடிந்திருக்கும். அது நினைவில் நிற்கத்தக்க வெற்றியாக இருந்திருக்குமே தவிர, சாதனையாக இருந்திருக்காது. 1950ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் சொந்த ஃபென்வே பார்க்கில் செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸை 29-4 என்று வென்றது. 2020 செப்டம்பர் 9 அன்று அட்லாண்டா பிரேவ்ஸ், அதுவும் சொந்த மைதானத்தில், மயாமி மார்லின்ஸை 29-9 என்று வென்றது. இரண்டும் உள்ளூர் அணிகள் என்பதால் 29 ஓட்டங்களையும் எட்டே இன்னிங்ஸில், 24 ஆட்டமிழப்புகளுக்குள் எடுத்தன. சாதனைப் பட்டியல் எடுத்த ஓட்டங்களை எண்ணுகிறது, எடுக்கக் கிடைத்த வாய்ப்புகளை எண்ணுவதில்லை. ஆட்டமிழப்பு ஒன்றுக்கு எத்தனை ஓட்டம் என்ற அளவுகோலைக் கொண்டால் டெக்சஸின் 30ஐவிட பாஸ்டனின் 29உம் அட்லாண்டாவின் 29உம் பெரியவை.